அலுமாரிக்குள் ஒளிர்ந்த இறால் ஈரல்

பகல் ஒன்றரை மணி. லுஹர் தொழுகை முடிந்து முந்தல் ஊரே சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம். என் மனைவியின் அலுமாரிக்குள் வளர்ந்த மனிதர் மூவரின் தலைகள் இருந்தன.

ஒன்று என்னுடையது; அவ்வப்போது கவிதை எழுதும் தலை. இன்னொன்று என் தங்கச்சியுடையது. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து, மேலும் படித்து, படிப்பு முடியாமல் ஆராய்ச்சியாகவே மாறிப்போனவள். மூன்றாவது என் மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணன், அவள் வாயில் காக்கா. கடல்நீர்க் களப்பை ஒட்டி ஒரு இறால் குளம் வைத்திருப்பவர், தலையும் தோளும் எந்தக் கதவுக்கும் கொஞ்சம் அதிகமானவர். உடம்புகளை வெளியே நிறுத்தி, தலைகளை மட்டும் உடுப்புகளுக்குள் விட்டு, கதவுகளைக் கழுத்துவரை சாத்தி, மேலே ஒரு கனத்த போர்வையையும் இழுத்துவிட்டிருந்தோம். மூன்று மூக்குகளுக்கும் நடுவில் ஒரு தட்டு, தட்டில் ஐந்து தேநீர்க் கோப்பை, கோப்பைகளில் இறால் ஈரல்.

பின்னாலிருந்து பார்த்தால் நாங்கள் எதையோ திருட வந்து நடுவில் மனம் மாறியவர்கள் மாதிரித் தெரிந்திருப்போம். ஆனால் அந்தத் தட்டில் ஒரு மனிதரின் குளம் முழுவதும் இருந்தது.

மச்சானுக்குப் போன தடவை குளம் ஒரே விடியலில் போனது. முந்திய நாள் பின்னேரம் துள்ளிய இறால், சுபஹுக்குப் பிறகு அடியில் வெள்ளையாக, ஒரு கல்யாண வீட்டுப் பாயை விரித்துப் போட்ட மாதிரிக் கிடந்தது. இந்தத் தடவை மூன்று மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இறால் தீனியைக் குறைத்துத் தின்னத் தொடங்கியது. தண்ணீருக்குள் இறக்கிவைக்கும் தீனித் தட்டைத் தூக்கினால் ஒன்றிரண்டு செத்தது வரும். இப்போதே குளத்தை வடித்து அறுவடை செய்தால் சின்ன இறால், செலவுக்கே காணாது. இன்னும் ஐந்தாறு கிழமை விட்டால் நல்ல இறால், அதுவரை உயிரோடு இருந்தால். "இதுவும் போனா நான் திரும்பக் கட்டார்தான். அம்பத்திரண்டு வயசில ஒரு அரபிட புள்ளையள ஸ்கூலுக்கு ஏத்தி இறக்கோணும்" என்று அவர் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரித்த வாய்க்கும் கண்ணுக்கும் இடையில் பஸ் ஓடாத தூரம் இருந்தது.

இறால்காரர்கள் இறாலை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? உயிரோடு தூக்கி வெயிலுக்கு எதிரே பிடிப்பார்கள். கண்ணாடி மாதிரியான தலையோட்டுக்குள் ஈரல் தெரியும். கறுத்த மண்ணிறத்தில், நிறைந்து இருந்தால் நிம்மதி. வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஐஸ் லொறியைக் கூப்பிட வேண்டும். மச்சானின் இறால்களின் ஈரல் இரண்டும் இல்லை. பல தரம் தோய்த்த இடுப்புச் சாரம் மாதிரி ஒரு நிறம். அந்த நிறத்துக்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தீனி விற்பவர் ஒன்று சொன்னார், மருந்து விற்பவர் வேறொன்று சொன்னார், இரண்டு பேரும் மிக உறுதியாகச் சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சி லீவுக்கு வந்து, ஒரு சாப்பாட்டின் நடுவில், தான் என்ன செய்கிறாள் என்று சொல்லித் தொலைத்தாள். எலிகளுக்குக் காய்ச்சலுக்கு விழுங்கும் குளிசையை அளவுக்கு மேல் கொடுப்பார்களாம். ஈரல் அடிபடுமாம். உடம்பே தனக்குள் மிகக் கொஞ்சமாகச் சில வாயுக்களைச் செய்து, அவற்றால் ஒரு உயிர்க்கலம் இன்னொரு கலத்துக்குச் செய்தி சொல்லுமாம். ஈரல் அடிபட்டால் அந்தக் கதை கூடும் அல்லது குறையும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மூலக்கூறு செய்கிறார்கள். வாயுவைக் காணும்வரை அது இருட்டு, கண்டதும் ஒளிரும்.

"ஒற்றன்" என்றேன் நான்.

"நாங்க புரோப் எண்டு சொல்ற."

"ஒற்றன்தான். பகைவன் வீட்டுக்குள் போய், ஆளைக் கண்டதும் விளக்கைக் கொளுத்திக் காட்டுறவன்."

"நானா, இதுக்குத்தான் நான் ஒங்களுக்கு ஒண்டும் சொல்றல்ல" என்று அண்ணனை அடக்கினாள்.

மச்சான் இதையெல்லாம் கேட்கவில்லை. அவருடைய காதில் இரண்டே சொற்கள் விழுந்திருந்தன: ஈரல், வாயு. "என்ன வாயு புள்ள அது?" என்றார். "பல வகை ஈக்கிது மச்சான். என்டது ஐதரசன் சல்பைட்டு. கூழ்முட்டை மணக்கும்" என்றாள். மச்சான் சோற்றுக் கையை அப்படியே வைத்துவிட்டார். இந்தக் கரையில் அந்த மணத்துக்கு அறிமுகம் தேவையில்லை. தின்னாத தீனி குளத்தடியில் அழுகிக் கறுத்த சேறாகி, அதிலிருந்து அது வரும். இறால் அடியில் வாழும் பிராணி; முதலில் மூச்சு முட்டுவது அதற்குத்தான்.

"எலிக்குப் பாக்கலாமெண்டா என்ட இறாலுக்கு ஏன் பாக்கேலா?"

"இறாலுக்கு எங்கட மாதிரி ஈரல் இல்ல மச்சான். ஈரலும் கணையமும் சேந்து ஒரே பை."

"அப்ப இன்னும் நல்லம். ஒரே தரத்தில ரெண்டையும் பாத்துரலாம்."

அவள் லீவு முடிந்து போன பிறகும் மச்சான் விடவில்லை. இரண்டு கிழமை, காலையில் ஒரு அழைப்பு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு அழைப்பு. கடைசியில் பேராசிரியரிடம் சொல்லிவிட்டு, ஐஸ் போட்ட பிளாஸ்கில் விரல் நீளக் குப்பியொன்றோடு அவள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்து இறங்கினாள். சனிக்கிழமை காலையில் குளத்தின் நான்கு மூலையிலிருந்தும் இறால் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுகமான இறால் வேண்டுமென்றாள். களப்பில் அன்று பிடித்ததை நான் வாங்கி வந்தேன். ஈரல் தலைக்குள் இருப்பதால் தலைகளை மட்டும் கிள்ளி, ஐந்து கிண்ணத்தில் போட்டு, ஒன்று முதல் நான்கு வரை மூலைகள், ஐந்து களப்பு என்று இலக்கம் ஒட்டிக் குளிர்பெட்டிக்குள் வைத்தாள். அவள் குளிக்கப் போனாள். நானும் மச்சானும் லுஹருக்குப் பள்ளிவாசலுக்குப் போனோம்.

திரும்பி வந்து ஈரல்களைப் பிழிந்து கோப்பைகளில் எடுக்கும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். தலைகள் இலேசாக மஞ்சளடித்திருந்தன. "இறாலுக்குச் செங்கமாரி வந்தீக்கி போல" என்றேன், மஞ்சள்காமாலையை நினைத்து. தங்கச்சி சிரிக்கவில்லை. மச்சான் வெளியே யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார்: ஐஸ் லொறிக்காரர். இன்றைக்கு வேண்டுமா வேண்டாமா என்று அஸருக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் லொறி வேறு குளத்துக்குப் போய்விடும்.

அதனால்தான் இரவுக்குக் காத்திருக்க முடியவில்லை. இருட்டு உடனே வேண்டும். வீட்டில் பகலிலும் இருட்டாக இருக்கும் ஒரே இடம் அலுமாரி.

ஒற்றனை ஐந்து கோப்பையிலும் சொட்டாக விட்டு அரை மணித்தியாலம் கழித்து உள்ளே போனோம். தங்கச்சி, கள்ள நோட்டுப் பார்க்க ஒரு கடையில் வைத்திருந்த ஊதா டோச்லைட்டைக் கடன் வாங்கி வந்திருந்தாள். அதைப் போட்டதும் என் வெள்ளைச் சட்டைகள், தலையணை உறைகள், பெருநாளுக்கு எடுத்த சாரம், எல்லாம் பேய் மாதிரி நீலமாக எழுந்து நின்றன. மச்சான் "அல்லாஹ்வே" என்று பின்வாங்கினார்.

"ஒண்டுமில்ல. உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத் தூள்தான். வெள்ளையாக் காட்டுறதுக்கு ஒளிர்ற சாமான் போட்டீப்பாங்க" என்றாள். டோச்சைக் கோப்பைகளுக்கு நேரே திருப்பினாள்.

ஒன்று. பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளி, இளநீர்க் குரும்பையின் நிறம். இரண்டும் அப்படியே. மூன்று, நான்கு, அதே. எனக்கு அழகாக இருந்தது, அதைச் சொல்லாமலிருக்கும் அறிவும் இருந்தது.

மச்சான் நான்காவதோடு தலையை வெளியே இழுத்தார். கதவு நெற்றியில் அடித்ததும் அவருக்குத் தெரியவில்லை. "நாலு மூலையும் போச்சு. வடிச்சிருவம்" என்றார். நோவைச் சொல்கிற குரலில்லை, கடைச் சாமான் சொல்கிற குரல். "மச்சான் பொறுங்க, அஞ்சாவதப் பாக்கல்ல!" என்று போர்வைக்குள்ளிருந்து தங்கச்சி கத்துவதற்குள் முற்றத்தில் மோட்டார்சைக்கிள் உறுமியது.

ஐந்தாவதைப் பார்த்தோம். களப்பில் அன்று காலையில் துள்ளிய, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாத அந்த இறாலின் ஈரல் மற்ற நான்கையும் விடப் பிரகாசமாக எரிந்தது.

"இது ஏலாது" என்றாள். "என்ட புரோப் நீலமா ஒளிரும், இறாலுக்கு நிறம் மாறுமாக்கும் எண்டு நெனச்சன்."

"ஏன் ஏலாது? களப்பே நோயாளியாக்கும். தண்ணீரெல்லாம் ஒரு பெரிய..."

"நானா, கொஞ்சம் வாய மூடுங்க. யோசிக்கிறன்."

மூடினேன். பூச்சிக்குப் போட்ட கற்பூர உருண்டை மணத்துக்குள் அவள் டோச்சை மறுபடியும் ஒன்றிலிருந்து ஐந்துவரை நகர்த்தினாள். அப்போது கதவு முழுசாகத் திறந்தது. பகல் வந்து கண்ணில் அடித்தது. பகலுக்கு முன்னால் என் மனைவி, கையில் சோற்றகப்பையோடு.

"என்ட உடுப்புக்குள்ள என்ன இறால் மணம்?"

"ஆராய்ச்சி" என்றேன்.

"ஆராய்ச்சிய ஆக்கித் தின்னவா போறீங்க? மணக்கக் கூடாதெண்டுதானே நான் உப்பும் மஞ்சளும் பெரட்டி வெச்ச."

தங்கச்சி மெதுவாகத் திரும்பினாள். "மஞ்சளா?"

"பின்ன? மஞ்சள் பூசாத இறால் என்ட பிரிஜ்ஜுக்குள்ள படுக்காது. நம்பர் ஒட்டியிருந்த, அதால கிண்ணத்தக் கலக்கல்ல. ஒவ்வொண்டையும் தனித்தனியாத்தான் கழுவிப் பெரட்டின." அந்தத் தனித்தனியில் ஒரு நியாயமான பெருமை இருந்தது.

தங்கச்சி குசினிக்கு ஓடினாள். ஒரு வெள்ளைத் தட்டில் கிள்ளு மஞ்சள் தூள், அதன்மேல் இரண்டு சொட்டு ஸ்பிரிட். அலுமாரிக்குள் கொண்டுபோய் டோச்சைப் பிடித்தாள். இளநீர்க் குரும்பை நிறம். மஞ்சளுக்கு ஒற்றன் தேவையில்லை, வாயு தேவையில்லை, ஈரலும் தேவையில்லை. அது பிறவியிலேயே ஒளிரும் சாமான்.

"எத்தின வருசம் படிச்ச" என்றாள் என் மனைவி, அகப்பையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. "இறால் தலையில மஞ்சள் ஈக்கா இல்லையா எண்டு பாத்தா தெரியாதா?"

"எலிக்கு ஆரும் மஞ்சள் பூசுறல்ல மச்சி" என்று தங்கச்சி தன் அண்ணியிடம் சொன்னாள்.

"பூசிப் பாருங்க, அதுட ஈரலும் நல்லாகும்."

அதற்குள் நான் மச்சானுக்கு அழைத்துக்கொண்டிருந்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. மோட்டார்சைக்கிளில் போனை எடுக்காத நல்ல பழக்கம் அவருக்கு. தங்கச்சி பிளாஸ்கையும் டோச்சையும், தேய்த்துக் கழுவிய கோப்பைகளையும் ஒரு பையில் அள்ளினாள். என் ஸ்கூட்டர் நாற்பதுக்கு மேல் ஓடாது, அன்று ஓடியது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதையில் விழுந்து எழும்பிப் போகும்போது அவள் பின்னாலிருந்து "களப்பு இறால்! களப்பு இறால் வேணும்!" என்று முதுகில் குத்தினாள். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் நிறுத்தி நான்கே நான்கு இறால் கேட்டேன். "நாலா? எத்தின பேர் சாப்பாட்டுக்கு?" என்றார். "சாப்பிட இல்ல, ஈரலுக்கு" என்றேன். அவர் எனக்காகத்தான் கவலைப்பட்டார் போல, காசு வாங்கவில்லை.

குளத்தில் வடிகால் மதகின் முதல் பலகையைக் கழற்றியாயிற்று. தண்ணீர் போகத் தொடங்கியிருந்தது. அணையில் நான்கு பேர் வலையை விரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் வீல்கள் சுற்றும் இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஆகவே ஓடினேன். ஓடத் தெரியாத ஒருவன் ஈரமான அணையில் ஓடினால் எப்படியோ அப்படி, கடைசிப் பத்தடியை உட்கார்ந்தபடியே கடந்து, மச்சானின் காலடியில் போய் நின்றேன்.

"என்ன மச்சான், ஆரும் மௌத்தாப் போயிட்டாங்களா?"

"இல்ல. ஒங்கட தங்கச்சி மஞ்சள் போட்டுட்டா."

"எதுக்கு?"

"ஈரலுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். என் தங்கச்சி மூச்சு வாங்க வந்து ஒழுங்கான வசனத்தில் விளக்கினாள். அவர் கழற்றிய பலகையின்மேலேயே உட்கார்ந்து, தலைப்பாகைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தோம். துணியை எடுத்தபோது சிரிப்பு. பிறகு எழும்பிப் பலகையைத் திரும்ப மதகில் போட்டார். "லொறிக்கு அஸருக்குச் சொல்லோணும். அதுக்குள்ள ஏலுமா புள்ள?"

தீனி மூட்டைகள் அடுக்கிய கொட்டிலில் யன்னலைச் சாக்கால் அடைத்தோம். புதிதாக நான்கு மூலையிலும் பிடித்தோம். மச்சான் தன் கையாலேயே தலை கிள்ளினார். மஞ்சள் பட்ட கை ஒன்றையும் பக்கத்தில் விடவில்லை. ஒற்றனைச் சொட்டிவிட்டு அரை மணித்தியாலம் இருட்டில் உட்கார்ந்தோம். அந்தப் புழுக்கத்தில் மீன் தூள் மணத்தது. மச்சானின் கை விரல்கள் மூட்டையைத் தட்டிக்கொண்டேயிருந்தன, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது போல.

டோச் வெளிச்சம் விழுந்தது.

ஐந்தாவது, களப்பு: இருட்டு, அல்லது இருட்டுக்குப் பக்கத்தில் ஒரு மங்கல். ஒன்று, அதேபோல. இரண்டு, அதேபோல. நான்கு, அதேபோல. மூன்றாவது கோப்பையில் மட்டும் ஒரு நீலம், அவசரமில்லாமல், உறுதியாக நின்றது.

வெளியே அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியது. மச்சான் கேட்டார்: "அப்ப வடிக்கவா, விடவா?"

தங்கச்சி டோச்சை அணைத்தாள். "எனக்குத் தெரியாது மச்சான்."

"தெரியாதா?"

"இது எலிக்குச் செஞ்சது. இறாலுக்கு இதான் முதல் தரம். மூணாம் மூலை மத்த மூணையும் போல இல்ல, அது எனக்குத் தெரியும். வாயு வெளிய சேத்திலிருந்து வந்ததா, ஈரலே செஞ்சதா, தெரியாது. அதுக்கு மேல ஒரு சொல் சொன்னாலும் பொய்."

மச்சான் ஏமாந்துபோவார் என்று நினைத்தேன். ஆனால் அவருடைய முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு அமைதி வந்தது. பிறகு சொன்னார், அந்தக் குளத்தங்கரையில் நின்று தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தானாம்; அதனால் தெரியும் என்று சொன்னதை நம்பலாமென்று தோன்றியதாம்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாம் மூலையில் இறங்கினார். அடியைக் கிளறாமல், நோயாளியின் வயிற்றைத் தொடும் வைத்தியர் மாதிரிக் காலால் தொட்டுத் தொட்டு நடந்தார். இடுப்புவரை தண்ணீர். ஓரிடத்தில் கால் புதைந்தது. முழங்கால்வரை. குனிந்து ஒரு பிடி அள்ளித் தூக்கினார்: தார் மாதிரிக் கறுப்பு. அணையில் நின்ற எங்களுக்கே மணம் வந்தது. வீல்கள் குளத்தைச் சுற்றித் தண்ணீரைத் தள்ள, தின்னாத தீனியெல்லாம் ஊர்வலமாகப் போய் அந்த ஒரு மூலையில் குடியேறியிருந்தது. நான்கு மூலையிலும் தீனி போடுபவர், நான்கு தட்டையும் தூக்கிப் பார்ப்பவர், தட்டில்லாத இந்த ஆழத்தில் மட்டும் கால் வைத்ததில்லை.

"லொறி வேணாம்" என்று கரையைப் பார்த்துச் சொன்னார்.

வலைக்காரர்களில் ஒருவர் விரித்ததைச் சுருட்டிக்கொண்டே, "ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மனம் மார்றீங்க ஹாஜியார், இது குளமா பொண்டாட்டியா?" என்றார். மச்சான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. அந்தப் பட்டத்தை அவர்கள் கேலிக்குக் கொடுத்ததுதான்.

மூன்றாம் மூலைக்குத் தீனி நின்றது. சேற்றைக் கலக்கினால் வாயு முழுக் குளத்துக்கும் கிளம்பும் என்று தங்கச்சி ஒன்றுக்கு மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனாள். ஆகவே ஒரு சின்னத் தண்ணீர்ப் பம்பியின் குழாயை அடியில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக, ஆறு நாள் உறிஞ்சி எடுத்தார்கள். முதல் மூன்று நாளும் தட்டில் செத்த இறால் வந்தது. நான்காம் நாள் கூடியது. அன்று மச்சான் எனக்கு அழைத்து, போனைக் குளத்துப் பக்கம் நீட்டினார். வீல் சுற்றும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் இரண்டு. பிறகு தட்டு வெறுமையாக வந்தது, தீனியும் இல்லை, செத்ததும் இல்லை. தின்கிறது. தங்கச்சிக்கு நான் அதைப் படம் பிடித்து அனுப்பினேன். வெறும் தட்டின் படத்துக்கு அவள் போட்ட இதயங்களை என் ஒரு வரிக்கும் இதுவரை யாரும் போட்டதில்லை.

மூன்று கிழமை கழித்து அறுவடை. எல்லாம் தப்பவில்லை, மூன்றாம் மூலைப் பக்கத்து இறால் சின்னதாகவே நின்றுவிட்டது, கொஞ்சம் இல்லாமலே போனது. மற்றவை வலையில் துள்ளிய துள்ளலில் தூக்கியவர்களின் முகமெல்லாம் சேறு. இந்தத் தடவை லொறி வந்தது, ஐஸ் உடைந்தது, போனது. காலை பத்து மணிக்குக் குளம் வெறும் சேறாக, வானத்தைப் பார்த்துப் பெரிய வாயைத் திறந்தபடி கிடந்தது.

கூலிக்காரர்கள் தேநீர் குடிக்கப் போனார்கள். நானும் போயிருக்க வேண்டும். மச்சான் ஒரு கட்டுத் தென்னை மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார். "வாங்க மச்சான், ஒரு கை பிடிங்க." இறங்கினேன். அவர் கால்களால் அளந்து நடந்தார், நின்றார், ஒரு மட்டையை ஊன்றினார், யோசித்தார், பிடுங்கினார், இரண்டடி தள்ளி ஊன்றினார். "வீல் இனி இங்க. மத்தது அங்க, குறுக்கால. தண்ணி சுத்தி வந்து நடுவுக்குக் கொண்டாந்து கொட்டோணும், மூலைக்கு இல்ல. நடுவில ஒரு குழி. குழியில குழாய்." கட்டாரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மட்டை முடிந்துபோனது, இடம் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

"அந்த இடத்தில நீங்க நில்லுங்க மச்சான்" என்றார். "அசையாம. நான் கரையில ஏறிப் பாக்கிறன், நேரா ஈக்கா எண்டு."

முழங்கால்வரை சேற்றில், அடுத்த தடவை ஒரு வீல் சுற்றப்போகும் இடத்தில், நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் அணையிலிருந்து கையைக் காட்டினார்: கொஞ்சம் இடப்பக்கம்.